செத்தால் இ-பாஸ், சாகக் கிடந்தால் இல்லை

கொரோனா ஊரடங்கில் அரசு பெரியவர்களை எப்படித் தாங்கியது என்று யாராவது கேட்டால் 2020 மே 7-ஐச் சொல்லுங்கள். அன்றுதான் டாஸ்மாக் மீண்டும் திறந்தது. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்குக் காலை பத்து முதல் ஒரு மணிவரை தனி நேரம். இளவட்டமெல்லாம் மூன்று மணிக்கு மேல் வரட்டும், பெரியவர்கள் முதலில் வாங்கிக்கொண்டு போய்ச் சேரட்டும்! வலி மறக்க அரசு வரிசை கட்டி விற்ற சரக்கு அது ஒன்றுதான்.

மார்ஃபின் என்றும் ஒன்று இருக்கிறது. புற்றுநோய் எலும்பில் இறங்கியவர் ராத்திரி கத்தாமல் தூங்குவதற்கு மருத்துவர்கள் நம்புவது அதைத்தான். நம் நாட்டிலேயே அபின் சட்டப்படி விளைகிறது, காஜிப்பூரில் அரசே ஆலை நடத்துகிறது. ஆனாலும் 1985-இன் போதைப்பொருள் சட்டம் கடத்தல்காரனுக்குப் போட்ட கெடுபிடியில் சாகக் கிடந்த கிழவியும் மாட்டிக்கொண்டாள். 2014-இல் சட்டத்தைத் தளர்த்தினார்கள். அந்தச் சேதி கிராமங்களுக்கு நடந்தே வருகிறது போலும், இன்னும் வந்து சேர்ந்தபாடில்லை.

அந்த ஊரடங்கு நாளில், புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரனூர்ப் பக்கம் ஒரு முதியோர் இல்லம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாயில் புற்று வந்த அம்மா ஒருவர் கிடக்கிறார். கஞ்சி இறங்கவில்லை. இடுப்பில் படுக்கைப்புண், வாடை தெரியாமலிருக்க ஆயா மெட்ரோநிடசோல் மாத்திரையை நுணுக்கித் தூவுகிறார். வலிக்குப் பாராசிட்டமால். அது கேட்காவிட்டால் இன்னொரு பாராசிட்டமால். மகள் ஒரத்தநாட்டில், அது தஞ்சாவூர் மாவட்டம், எல்லை தாண்ட அப்போது இ-பாஸ் என்ற அனுமதிச்சீட்டு வேண்டும். என்ன காரணம்? திருமணமா, மரணமா, மருத்துவ அவசரமா? அம்மாவுக்குக் கல்யாணம் இல்லை. இன்னும் சாகவும் இல்லை. அவசரம் என்றும் சொல்ல முடியாது, ஆறு மாதமாக இப்படியேதான் கிடக்கிறார். பொறும்மா, மூச்சு நிற்கட்டும், பாஸ் கிடைக்கும். சாவுக்கு இருபது பேர்வரை கூடலாம் என்று அரசே சொல்லியிருந்தது.

பெரியவர்களைக் காப்பாற்றத்தானே இல்லத்து வாசலைப் பூட்டினோம் என்பார்கள். பயம் நியாயமானதுதான். பல நாடுகளில் கொரோனா சாவுகளில் நாற்பது சதவீதத்துக்கு மேல் முதியோர் இல்லங்களோடு தொடர்புடையவை என்று 2020 ஜூலையில் உலக சுகாதார நிறுவனமே சொன்னது. பூட்டுங்கள். பூட்டிய கதவுக்குள் ஒரு நர்ஸையும் நாலு மாத்திரையையும் வைத்துவிட்டுப் பூட்டக் கூடாதா?

புதுக்கோட்டை என்ன நாதியற்ற மாவட்டமா? 2013 முதல் 2021 வரை சுகாதார அமைச்சராக இருந்த சி. விஜயபாஸ்கர் அப்போது விராலிமலை எம்.எல்.ஏ.வாக இருந்தவர். 2017-இல் முள்ளூரில் மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. 2019 ஜனவரியில் விராலிமலை ஜல்லிக்கட்டில் 1,300-க்கும் மேற்பட்ட காளைகளை அவிழ்த்துவிட்டு உலக சாதனையும் படைத்தாயிற்று. வாடிவாசலுக்கு வரும் ஒவ்வொரு காளையையும் கால்நடை மருத்துவர் தொட்டுப் பார்த்துச் சீட்டுக் கொடுக்க வேண்டும், அது விதி. முதியோர் இல்லத்துக் கட்டிலில் கிடப்பதற்குப் பதில் அந்த அம்மா கொம்போடு பிறந்திருக்கலாம். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்து, 1954-இல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கிய முத்துலட்சுமி ரெட்டி பிறந்த ஊர் வேறு புதுக்கோட்டை!

படுக்கை தேடி அரசு வரவே வராது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வந்தது. 2021 சட்டமன்றத் தேர்தலில் எண்பது வயதைத் தாண்டியவர்களின் வீட்டுக்கே தபால் ஓட்டோடு அதிகாரிகள் வந்தார்கள். கூடவே போலீஸ், வீடியோ கேமரா. கை நடுங்கினாலும் ஓட்டு வாங்காமல் போகவில்லை. அதே வீட்டுக்குத் தடுப்பூசி கொண்டுபோகலாம் என்று மத்திய அரசு அனுமதித்தது அந்த ஆண்டு செப்டம்பரில். நோவு தணிக்கும் சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது ஆகஸ்டில். நல்ல திட்டம், மறுக்கவில்லை. இரண்டு அலையும் அடித்து ஓய்ந்து, தேட வேண்டியவர்களில் பலர் சுடுகாடு போன பிறகு தேடி வந்தார்கள்.

உங்கள் ஊரிலும் முதியோர் இல்லம் இருக்கும். பிறந்தநாளுக்குச் சாப்பாடு போட்டுப் படம் எடுத்துக்கொள்ளப் போவீர்கள். போகும்போது நிர்வாகியிடம் மூன்றே கேள்வி கேளுங்கள்: ராத்திரி வலி வந்தால் எந்த மருத்துவர் வருவார்? மார்ஃபின் எங்கே கிடைக்கும்? மறுபடி ஊரடங்கு போட்டால் சாகக் கிடப்பவர் பக்கத்தில் பிள்ளை ஒருவரை உட்கார விடுவீர்களா? பதில் வராவிட்டால் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு வாங்குவார்கள், எழுதிக் கொடுங்கள்.