கண்டிப்பா செஞ்சிடலாம்

எங்கள் வாலிகண்டபுரம் பக்கத்தில் "முடியாது" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அது கெட்ட வார்த்தைக்குச் சமம். எதைக் கேட்டாலும் "கண்டிப்பா செஞ்சிடலாம்" என்ற பதில்தான் வரும். செய்வார்களா என்பது வேறு சமாச்சாரம். அதைத் திருப்பிக் கேட்பது நாகரிகமில்லை.

அடுத்தவரிடம் மட்டும் இப்படி என்றால் பரவாயில்லை, தனக்குத் தானே சொல்லிக்கொள்வதும் இதே கதிதான். பெரம்பலூர் மாவட்டம் சின்ன வெங்காயத்துக்குப் பேர்போனது. "இனி ஏழு ஜென்மத்துக்கும் இந்தச் சனியனை என் காட்டுல போடமாட்டேன்" என்று சொல்லாத வெங்காய விவசாயியை நான் பார்த்ததில்லை. என் மாமா ஒருவர் திருகல் நோய் வந்த வருஷம் சொன்னார். பட்டறையில் போட்டு வைத்தது அழுகிப்போன வருஷம் சொன்னார். நன்றாக விளைந்து விலை விழுந்த வருஷம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார். மழை ரெண்டு தூறல் போட்டதும் விதைக்காய் விலை விசாரித்துக்கொண்டு நிற்கிறார்.

"என்ன மாமா, ஏழு ஜென்மம்னு சொன்னீங்க?"

"இந்தத் தடவ சும்மா கொஞ்சமா மாப்ள."

கொஞ்சம் என்பது அவருடைய காடு முழுக்க. அது போதாமல் பக்கத்துக் காட்டையும் குத்தகைக்குப் பேசிக்கொண்டிருந்தார்.

ஊர் இருப்பது சென்னை–திருச்சி நெடுஞ்சாலை ஓரம். சென்னையில் பஸ் ஏறி ஊர் பேரைச் சொன்னால் கண்டக்டர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். "அங்கல்லாம் நிக்காது சார். வண்டி எங்கயுமே நிக்காது." எங்கயுமே நிக்காத அந்த வண்டி, வழியில் ஒரு மோட்டலில் இளையராஜா பாட்டு முழுசாக ஐந்து ஓடி முடிகிற வரை நிற்கும்.

விருந்தோம்பல் இன்னும் விசேஷம். "சாப்பிட்டுத்தான் போகணும்" என்று வாசலிலேயே கையைப் பிடித்துக்கொள்வார்கள். பிடித்த கை பிடித்தபடியே இருக்கும், உள்ளே மட்டும் இழுக்காது. "இல்லைங்க, இப்பத்தான் சாப்பிட்டேன்" என்று வந்தவரும் பசியோடு சொல்வார். இரண்டுமே பொய். ஆனாலும் இரண்டு பேருக்கும் மனசு நிறைந்துவிடும். ஒருவர் உண்மையைச் சொல்லிவிட்டால்தான் பத்து வருஷத்துக்குப் பேச்சுவார்த்தை இருக்காது.

சொல் வேறு, செயல் வேறு என்ற வழக்கு எங்கள் மண்ணுக்குப் புதிதில்லை. வாலி சிவனைப் பூஜித்த இடம் இது என்பது தலபுராணம். அதனால்தான் கோயிலில் இருப்பவர் வாலீஸ்வரர். எதிரே நின்று சண்டை போடுகிறவனின் பலத்தில் பாதி வாலிக்குப் போய்விடும் என்பது வரம். எனவே ராமர் எதிரே வரவில்லை, மறைந்து நின்று அம்பு விட்டார். "தர்மம் பேசுகிறவன் செய்கிற காரியமா இது?" என்று விழுந்து கிடந்த வாலி கேட்டான். அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு தமிழ்நாட்டுப் பட்டிமன்றங்கள் எத்தனையோ காலமாகச் சோறு சாப்பிடுகின்றன.

புராணம் வேண்டாம், வரலாறு வேண்டும் என்பவர்களுக்கு 1751 இருக்கிறது. ஆற்காட்டு நவாப் பதவிக்கு இருவர் போட்டி. திருச்சியில் ஒருவர், முகமது அலி. அவரைப் பிடிக்கப் பிரெஞ்சுக்காரர் துணையோடு மற்றவர், சந்தா சாகிப் வருகிறார். மறிக்க ஆங்கிலேயப் படை வருகிறது. நடுவில் எங்கள் பக்கத்து ரஞ்சன்குடிக் கோட்டை. கோட்டையைக் கொடு என்று இரு தரப்பும் அதன் தலைவரிடம் ஆள் அனுப்பின. மனுஷர் இருவருக்கும் நல்ல வார்த்தையாகச் சொல்லி அனுப்பினார். கோட்டையை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. நாள்கள் பல இப்படியே ஓடின. அவர் என்ன சொல்லியிருப்பார் என்று எங்கள் ஊர்க்காரன் யாரைக் கேட்டாலும் சொல்வான்: "கண்டிப்பா செஞ்சிடலாம்."

ஆங்கிலேயத் தளபதி ஜிஞ்சன்ஸுக்கு நம்ம ஊர்ப் பழக்கம் தெரியவில்லை. சொன்னால் செய்ய வேண்டும் என்று நினைத்தார். பொறுமையிழந்து கோட்டையடி ஊருக்குத் தீ வைத்தார். தலைவர் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டார். பிரெஞ்சு பீரங்கி முழங்கியதும், அடுத்து என்ன செய்வது என்று ஆங்கிலேய அதிகாரிகள் கூடிப் பேசினார்கள். அவர்கள் பேசுவதைப் பார்த்த படைவீரர்கள் பேசாமல் ஓடிவிட்டார்கள். ஓடியவர்களை நிறுத்தப் பார்த்தவர்களில் 25 வயது ராபர்ட் கிளைவும் ஒருவர். அதே வருஷம் ஆற்காட்டைப் பிடித்துப் பேர் வாங்கியவர்தான். எங்கள் பக்கத்தில் அவர் பேச்சு எடுபடவில்லை. எதிராளிக்கு வார்த்தையைக் கொடுத்தே கோட்டையைக் காப்பாற்றிய அந்தத் தலைவருக்கு ஊரில் ஒரு சிலைகூட இல்லை. வைக்கிறேன் என்று யாராவது சொல்லியிருக்கவும் கூடும்.

அவருடைய வித்தை வீண்போகவில்லை. பெரம்பலூர் மாவட்டத் தலைநகரில் ரயில் நிலையம் கிடையாது. ரயிலேற அரியலூருக்கோ திருச்சிக்கோ போக வேண்டும். ஆனால் தேர்தலுக்குத் தேர்தல் எங்கள் தெருவழியே ரயில் வந்துபோகும். பிரசார ஜீப்பில் நின்றபடி வேட்பாளர் "நான் ஜெயிச்சா பெரம்பலூருக்கு ரயில் உறுதி" என்பார். ஆரத்தித் தட்டில் விழுந்த நோட்டை எண்ணிக்கொண்டே எங்கள் ஜனமும் "உங்களுக்குத்தாங்க ஓட்டு" என்று சொல்லும். அடுத்த ஜீப்புக்கும் அதே ஆரத்தி, அதே பதில். இதில் யார் யாரை ஏமாற்றியது என்று தீர்ப்புச் சொல்ல அந்த ராமரையே கூப்பிட்டாலும், மரத்துக்குப் பின்னாலிருந்து வெளியே வர மாட்டார்.