மார்கரீட்டாவின் மேல் மூன்று இலை: ஒரு கள ஆய்வு

குயிலாப்பாளையம் சாலையில் உள்ள ஓர் இத்தாலிய உணவகத்தில், கடந்த மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் ஒன்றரை மணிக்கு, 620 ரூபாய் விலையுள்ள மார்கரீட்டா பீட்சா ஒன்றின் மேல் மூன்று இலைகள் இருந்தன. இவ்வாய்வு அந்த மூன்று இலைகளைப் பற்றியது. பீட்சாவைப் பற்றிப் பிறர் வேண்டிய மட்டும் எழுதிவிட்டார்கள். இலைதான் கேட்பாரற்றுக் கிடக்கிறது.

முதலில் ஆய்வுக்களம். ஆரோவில்லை ஒட்டிய செம்மண் பூமி இது. 1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் தொடங்கப்பட்டபோது இந்தப் பக்கம் பெரும்பாலும் பொட்டல். வந்தவர்கள் மரம் நட்டார்கள், பண்ணை வைத்தார்கள், ரொட்டி சுட்டார்கள், சீஸ் செய்தார்கள். இவ்வளவையும் தின்று தீர்க்க ஆள் வேண்டுமே என்பதற்காகச் சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை போடப்பட்டது. (இது வரலாற்று உண்மையன்று. சனி, ஞாயிறுகளில் அந்தச் சாலையில் போகிறவருக்குக் கிடைக்கும் காட்சி உண்மை.) உணவகத்தின் பெயரை ஆய்வு அறம் கருதி மறைக்கிறேன்.

ஆய்வுக் குழுவில் ஐவர்: நான், மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள், பத்தாம் வகுப்பு மகன், கும்பகோணத்து அத்தை. அத்தைக்கு வயது 76. குழுவில் வயலில் இறங்கிய அனுபவம் உள்ளவர் அவர் ஒருவரே. கருவிகள்: மகனின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து 15 சென்டிமீட்டர் ஸ்கேல் ஒன்று, கைபேசியிலுள்ள நிறுத்துக் கடிகாரம், அத்தையின் மூக்கு.

மெனு அட்டையே இத்துறையின் மூலநூல் என்பதால் அதிலிருந்து தொடங்குவதே முறை. நான்கு பக்க அட்டையில் 'ஆர்கானிக்' என்ற சொல் 19 இடங்களில் வருகிறது. தக்காளி ஆர்கானிக், கீரை ஆர்கானிக், முட்டை ஆர்கானிக். இவற்றில் நமக்கு வழக்கில்லை. ஆனால் மூன்றாம் பக்கத்தில் 'ஆர்கானிக் கடல் உப்பு' என்று ஒரு பாடம் காணப்படுகிறது. இது ஏடு பெயர்த்து எழுதினவர் பிழை என்றே கொள்ள வேண்டும். அஃதென்னை எனின், உப்பு விளைகிறது என்று நாம் சொன்னாலும் அது விதை போட்டு விளைவதன்று. வரும் வழியில் மரக்காணத்து உப்பளங்களை இருபுறமும் பார்த்துக்கொண்டே வந்தோம். அங்கே யாரும் யூரியா தூவவும் இல்லை, தூவாமல் இருக்கப் பாடுபடவும் இல்லை. வெயில் காய்ந்தது, உப்பு பூத்தது. இயற்கை வேளாண்மைச் சான்றிதழ் நெறிகளும் உப்பையும் தண்ணீரையும் கணக்கில் சேர்ப்பதில்லை.

இங்கே சான்றிதழ் பற்றி ஒரு வார்த்தை. இந்தியாவில் ஒரு நிலம் 'ஆர்கானிக்' என்று பெயர் வாங்க வேண்டுமானால், ஆண்டுப் பயிருக்கு 2 ஆண்டும் பல்லாண்டுப் பயிருக்கு 3 ஆண்டும் மாற்றுக் காலம் என்று ஒன்றைக் கடக்க வேண்டும். அந்தக் காலத்தில் ரசாயனமும் போடக் கூடாது, பெயரையும் போட்டுக்கொள்ளக் கூடாது. நிலத்துக்கு நடக்கும் ஏழரைச் சனி. இதை நான் விளக்கியபோது அத்தை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, இந்த ஆய்வு முழுவதற்கும் அடித்தளமாக அமைந்த ஒரு கூற்றை வெளியிட்டார். அவர் மொழியிலேயே தருகிறேன்: "நான் கல்யாணமாகி வந்தப்ப வயலுக்குச் சாணியும் தழையும்தான்டா தம்பி. அதுக்குப் பேரே கிடையாது. அப்புறம் யூரியா வந்துச்சு, மூட்டையில பேர் போட்டு வந்துச்சு. இப்ப திரும்பச் சாணிக்கே வந்து, அதுக்குப் பேர் வெச்சிருக்கீங்க."

இதை 'அத்தை விதி' என்று இனிக் குறிப்பிடுவோம்: ஒரு பொருளுக்குப் பெயர் வந்த அன்றே அதற்கு எண்ணிக்கையும் வந்துவிடுகிறது. தட்டில் சோதித்துப் பார்ப்பது எஞ்சியிருந்தது.

பீட்சா வந்தது. நேப்பிள்ஸ் முறை பீட்சாவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2010இல் ஒரு சட்டமே இயற்றியிருக்கிறது. விட்டம் 35 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது, ஓரம் 1 முதல் 2 சென்டிமீட்டர் உயரம் எழும்ப வேண்டும், சுமார் 485 டிகிரி வெப்பமுள்ள விறகடுப்பில் 60 முதல் 90 விநாடிக்குள் வேக வேண்டும். நம் மாதிரியின் விட்டம் இரண்டு தடவை ஸ்கேல் வைத்ததில் 30 சென்டிமீட்டர், சரி. ஓரம் சரி. நேரம் மட்டும் 110 விநாடி. இந்த 20 விநாடி மீறலுக்கு அடுப்பு பொறுப்பன்று. அத்தை அடுப்படியில் போய் நின்று, சவுக்கு விறகு டன் என்ன விலைக்குப் போகிறது என்று மாஸ்டரை விசாரித்துக்கொண்டிருந்ததே காரணம். இவ்வளவும் அளந்து சொன்ன அந்தச் சட்டம், இலைக்கு வந்ததும் 'சில' என்று நழுவிவிடுகிறது. ஆய்வாளன் புகுவதற்கு இறைவன் விட்டுவைத்த இடைவெளி இதுதான்.

மூன்று இலைகளில் முதலாவது 3.1 சென்டிமீட்டர். இரண்டாவது 2.8. மூன்றாவதை அளப்பதற்குள் மகன் தின்றுவிட்டான். தரவு இழப்பு என்று குறித்துக்கொண்டேன்.

இலையை இனம் காணும் பணியை அத்தையிடம் ஒப்படைத்தோம். பரிமாறிய பையன், "ஃப்ரெஷ் பேசில் மேடம், நம்ம தோட்டத்தோடது" என்று ஆங்கிலம் கலந்து சொல்லிவிட்டுப் போனான். அத்தை ஒன்றை எடுத்துக் கசக்கி முகர்ந்தார். "இது திருநீத்துப் பச்சிலைடா. இதை ஏன் ரொட்டி மேல போட்டிருக்கான்? மூஞ்சியில பரு வந்தா அரைச்சுப் போடுவோம். மரிக்கொழுந்து கிடைக்காத அன்னைக்கு மாலையில வெச்சுக் கட்டுவோம்." தாவரவியல் அத்தை பக்கமே நிற்கிறது. இரண்டும் ஓசிமம் பசிலிகம் என்ற ஒரே இனம். இத்தாலியின் ஜெனோவா வகைக்கு இலை அகலம், நம்முடையதற்கு இலை சிறிது, மணம் காட்டம். ஜெனோவா துளசிக்கு 2005 முதல் ஐரோப்பாவில் புவிசார் காப்பு உண்டு. கும்பகோணத்துக் கொல்லைச் செடிக்கு ஒன்றும் இல்லை, ஆட்டிடமிருந்துகூடக் காப்பு இல்லை. 'பேசில்' என்ற பெயர் அரசனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அவர்கள் அதை ராஜா ஆக்கினார்கள், நாம் திருநீறு பூசிவிட்டோம்.

இந்த இடத்தில் ஒரு சாராரை எச்சரித்து வைக்க வேண்டும். பெயரில் திருநீறு இருக்கிறது, தட்டில் மூன்று இலை இருக்கிறது, வில்வமும் மூவிலை, அடியில் தூவிய மாவு நீறு பூசியது போல் வெளுத்திருக்கிறது, வெந்தது அக்கினியில். ஆகவே பீட்சா சைவ சமயத்தினது. 'பிட்டுச் சாப்பிடு' என்பதே தேய்ந்து பீட்சா ஆயிற்று. பிட்டுக்கு மண் சுமந்த வரலாறும் இதற்குச் சான்று என்று இன்னும் இரண்டு ஆண்டுக்குள் யாராவது மேடையில் முழங்குவார்கள். கைதட்டும் கிடைக்கும். இக்கட்டுரையாசிரியனுக்கும் ஒரு கணம் ஆசை வந்தது. ஆனால் ஆவணம் வேறு சொல்கிறது. 'பீட்சா' என்ற சொல் எழுத்தில் முதன்முதல் கிடைப்பது கி.பி. 997இல், இத்தாலியின் காயெட்டா ஊர் லத்தீன் ஆவணம் ஒன்றில். ஒரு சொத்தை அனுபவிக்கிறவர் ஆண்டுதோறும் கிறிஸ்துமஸுக்குப் பன்னிரண்டும் ஈஸ்டருக்குப் பன்னிரண்டும் பீட்சா ஆயருக்குக் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதே ஆண்டில் தஞ்சையில் முதலாம் ராஜராஜன் அரியணையில் இருந்தான். இங்கேயும் நிலத்தை விட்டு, சாமிக்கு இன்ன நாளில் இத்தனை நாழி அரிசி, இவ்வளவு நெய், இத்தனை பழம் என்று கல்லில் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஆயரின் பீட்சாவிலும் தக்காளி இல்லை, ராஜராஜனின் மடைப்பள்ளியிலும் தக்காளி இல்லை. இரண்டு பேருமே தக்காளி என்றால் என்னவென்று தெரியாமல் நிறைவாக வாழ்ந்து போனார்கள். அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வர இன்னும் ஐந்நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. எங்கள் வீட்டுத் திவசச் சமையலில் இன்றைக்கும் தக்காளியைச் சேர்ப்பதில்லை. முன்னோர்களுக்கு அறிமுகமில்லாத காய் என்பது அத்தையின் விளக்கம். அந்த நியாயப்படி நேப்பிள்ஸ்காரர்களும் தங்கள் முன்னோருக்கு மார்கரீட்டா படைக்க முடியாது.

மூன்று ஏன் என்ற கேள்விக்கு இத்தாலியத் தரப்பின் விடை கொடிக் கொள்கை. 1889இல் சவோய் வம்சத்து அரசி மார்கரீட்டா நேப்பிள்ஸ் வந்தபோது ரஃபேலே எஸ்போஸிட்டோ என்ற பீட்சாக்காரர் தக்காளி சிவப்பு, மொட்ஸரெல்லா வெள்ளை, இலைப் பச்சை என்று தேசியக் கொடியின் மூவண்ணத்தில் செய்து கொடுத்தார், அரசி மெச்சினார், பெயர் நிலைத்தது என்பார்கள். வரலாற்றாசிரியர்கள் இதை நம்பத் தயங்குகிறார்கள். நான் தயங்குவதற்குக் காரணம் வேறு. கொடியில் மூன்று நிறமும் சம அளவு. எங்கள் தட்டில் பச்சை நூற்றில் இரண்டு பங்குகூட இல்லை. இப்படி ஒரு கொடியை எந்த நாடும் ஏற்றாது.

வெள்ளையைப் பற்றியும் அத்தைக்கு மாறுபட்ட கருத்து இருந்தது. "பால் திரிஞ்சுபோச்சுன்னு நாங்க தலையில கைவெச்சு உக்காருவோம். இவன் திரிச்சு வித்துக்கிட்டு இருக்கான்." இத்தாலியின் கம்பானியா வட்டாரத்தில் மொட்ஸரெல்லாவை எருமைப் பாலில் செய்கிறார்கள். அந்த எருமைக்கும் பூர்வீகம் நம் துணைக்கண்டத்துப் பக்கம்தான். கோதுமை மேற்காசியா, தக்காளி அமெரிக்கா, எருமையும் இலையும் நம்மூர்ப் பக்கம். ஆக மார்கரீட்டாவில் இத்தாலிக்கென்று மிஞ்சுவது அடுப்பும் அவசரமும்.

பாஸ்தாவைப் பற்றி இந்த ஆய்வில் பேசவேண்டியதில்லை என்றாலும், நடந்ததை மறைப்பது நேர்மையாகாது. மகள் கேட்ட பாஸ்தா நடுவில் கொஞ்சம் விறைப்பாக இருந்தது. அரை வேக்காடு என்றாள் என் மனைவி. பையன் வந்து, அது 'அல் டென்டே' என்றான். அப்படியென்றால் 'பல்லுக்கு' என்று பொருள், கடிக்கும்போது பல்லுக்குத் தட்டுப்பட வேண்டும் என்று நான் சொற்பொருள் உரைத்தேன். அத்தை தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்துவிட்டுக் கேட்டார்: "பல்லுக்குன்னா, யார் பல்லுக்கு?" அவருடைய பல் செட் கும்பகோணத்தில், ராமசாமி கோயில் பக்கத்தில் கட்டியது. இத்தாலிய இலக்கணத்தில் இந்த ஐயத்துக்கு விதி இல்லை. பாஸ்தா உள்ளே போய், இன்னும் ஐந்து நிமிடம் வெந்து, இடியாப்பப் பதத்தில் திரும்பி வந்தது. அத்தை முழுவதையும் சாப்பிட்டார்.

சாலட்டில் ஒரு பச்சைப் புழு ஊர்ந்ததும் பதிவுக்குரியது. மனைவி முகம் சுளித்தாள். மகள், மருந்தடிக்காத கீரைக்கு இதைவிடச் சான்றிதழ் ஏது என்று வாதாடினாள். புழு சாட்சி சொல்லிவிட்டு இலைக்கடியில் போய்விட்டது. பையன் பதறிப் போய் வேறு தட்டு கொண்டு வந்தான். அதில் புழு இல்லை. அதன் ஆர்கானிக் தன்மை மீது எனக்கு இன்றுவரை சந்தேகம்.

பொருளாதாரக் கணக்குக்கு வருவோம். 620 ரூபாயுடன் 5 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 651. சட்டம் அளவு சொல்லாத பொருள் இலை ஒன்றே என்பதால், விலை முழுவதும் அதற்கே என்று கொள்கிறேன். (இதை மறுப்பவர்கள் தாங்களே போய்ச் சாப்பிட்டுவிட்டு மறுக்கட்டும்.) அவ்வழி இலை ஒன்று 217 ரூபாய்.

பில் வந்தபோது பையனிடமே நேரடியாகக் கேட்டுவிட்டேன்: "ஏம்பா, ஏன் மூணு இலை?" பையன் அந்த ஊர்க்காரன்தான். ஆங்கிலத்தைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னான்: "ரெண்டு வெச்சா கேட்பாங்க சார். நாலு வெச்சா மாஸ்டர் கேட்பாரு." கொடி, வில்வம், சட்டம் மூன்றையும் இந்த ஒரு விடை அடித்துவிட்டது.

அத்தை விடவில்லை. "இந்தச் செடி எங்கப்பா இருக்கு?" என்றார். "கேட்டாண்ட பாத்தி போட்டிருக்கு பாட்டி. எங்க வீட்டுக் கொல்லையிலகூட இருக்கு, ஆனா அது சின்ன இலை. அதுக்கு யாரும் காசு தர மாட்டாங்க." வெளியே வந்ததும் பாத்தியில் கைவிட்டு, கணுவோடு கொத்தாக ஒரு கைப்பிடி ஒடித்துக் கொடுத்தான். எத்தனை இலை என்று அவனும் எண்ணவில்லை, மாஸ்டரும் கேட்கவில்லை. உள்ளே இருக்கும்போது அதற்கு ஒரு பெயர், வாசலுக்கு வந்துவிட்டால் வேறு பெயர் என்பதை ஆய்வுக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு காரில் ஏறினோம்.

சென்னை வந்து அத்தை அதைத் தண்ணீர் டம்ளரில் போட்டு வைத்தார். வேர் விட்டதும் பழைய பெயின்ட் டப்பாவில் நட்டார். காய்கறி கழுவின தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர், தேயிலைச் சக்கை. மாற்றுக் காலம் எதுவும் அனுசரிக்கவில்லை. 40 நாள் கழித்து எண்ணிப் பார்த்ததில் 186 இலை. மாடிப்படி ஓரத்தில் 40,362 ரூபாய் காற்றில் ஆடிக்கொண்டிருக்கிறது, கேட்டுக்குப் பூட்டும் கிடையாது.

போன வாரம் மகள் தோசைக்கல்லில் ஒரு பீட்சா முயன்று பார்த்தாள். மாவு, தக்காளி, சீஸ் எல்லாம் ஆயிற்று. "அத்தைப் பாட்டி, மூணு இலை கிள்ளிக் கொடுங்க" என்றாள். நான் ஸ்கேலும் குறிப்பேடுமாகக் கல் பக்கத்தில் தயாராக நின்றேன். அத்தை மாடிப்படிக்குப் போய், கொத்தமல்லி கிள்ளுவது போல் முந்தானை கொள்ள அள்ளிக்கொண்டு வந்து அப்படியே மேலே போட்டார். நான் பதறிப் போய், எண்ண வேண்டாமா என்றேன்.

"எண்ணிப் போட இது என்னடா மாத்திரையா?"

இக்காரணத்தால் இரண்டாம் மாதிரியின் இலை எண்ணிக்கையைப் பதிவு செய்ய இயலவில்லை.