குழியில் விழுந்தால் கந்தூரி

கல்முனையில் யாரும் கோல்ப் விளையாடுவதில்லை. திறமை இல்லாததால் அல்ல, காணி இல்லாததால். கடலுக்கும் வயலுக்கும் நடுவே ஒரு ஒடுங்கிய பட்டி. அதற்குள் மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று மதிலோடு மதில் ஒட்டிய ஊர்கள். காணியைப் பேர்ச் கணக்கில்தான் பேசுவோம், அதுவும் குரலைத் தாழ்த்தி. பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துக் கலியாணம் முடிக்கிற ஊர் என்பதால், வெறுங்காணியைக் கண்டால் ‘இதில் எத்தனை குமர் கரைசேரும்’ என்றுதான் எங்கள் புத்தி ஓடும்.

அந்தப் புத்தியோடுதான் ஜப்பானில், சிபா பக்கத்து மைதானம் ஒன்றில் போய் நின்றேன். 18 குழி வெட்ட ஏறக்குறைய 150 ஏக்கர் வேண்டுமாம். ஏக்கருக்கு 160 பேர்ச், ஆக 24,000 பேர்ச். வீட்டுக்குப் பத்துப் பேர்ச் என்றால் 2,400 குமர்! அவ்வளவு புல்லிலும் நாலு பேர் குனிந்து ஒரு பந்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். இப்படி அந்த நாட்டில் 2,000க்கும் மேற்பட்ட மைதானங்கள் இருக்கின்றன என்று கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது.

என்னைக் கூட்டிப் போனவர் தங்கச்சி மாப்பிள்ளை. அங்கே ஏலத்தில் பழைய கார் எடுத்துக் கப்பலேற்றுவது அவர் தொழில். 2020இல் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியதும் மச்சானுக்கு வேலை குறைந்து நேரம் மிஞ்சியது. வியாபாரக் கூட்டாளியான ஒரு ஜப்பானியப் பெரியவர் மட்டையைக் கையில் கொடுத்திருக்கிறார். எங்கள் அரசாங்கம் உருவாக்கிய கோல்ப் வீரர் என்று மச்சானைச் சொல்லலாம்.

பெரியவரிடம் நான் கொஞ்சம் ஊர்ப்பெருமை பேசினேன். ஜப்பானின் முதல் கழகமான கோபே கோல்ப் கழகம் ரொக்கோ மலையில் தொடங்கியது 1903இல். கொழும்பில் 1879இலேயே கழகம் வந்துவிட்டது, நுவரெலியாவில் 1889இல். ஆக, நாங்கள் 24 வருஷம் மூத்தவர்கள் என்றேன். தொப்பியைக் கழற்றிக் குனிந்தார். கொழும்பு மைதானத்துக்குள்ளால் களனிப் பள்ளத்தாக்கு ரயில் ஓடுகிறது என்றேன். அதற்கும் குனிந்தார். மட்டைச் சுமையைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணிக்கு ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் குனிந்தார். மச்சானின் பந்து குளத்தில் விழுந்தபோது மட்டும் குனியவில்லை. “நைஸ் ஷாட்டோ!” என்று கைதட்டினார்.

ஒன்பது குழி முடிந்ததும் ஆட்டத்தை அப்படியே போட்டுவிட்டு எல்லாரும் சோற்றுக்குப் போகிறார்கள். முக்கால் மணி நேரம் சாப்பாடு, பிறகு மிச்ச ஒன்பது. விளையாட்டுக்காகச் சோற்றைத் தள்ளிப்போடாத இந்த மக்களை எனக்கு உடனே பிடித்துப்போனது. கறிச்சோற்றின் மேல் பன்றித் துண்டம் வருமென்பதால் மச்சான் பொரித்த இறால் சொன்னார்.

சோதனை கடைசியில்தான் வந்தது. ஆட்டம் முடிந்தால் பொதுக் குளியல். வெந்நீர்த் தொட்டியில் எல்லாரும் ஒன்றாக, பிறந்த மேனிக்கு இறங்கவேண்டும். கையில் தருவது முகம் துடைக்கப் போதுமான ஒரு துண்டு. அதையும் தண்ணீரில் நனைக்கக்கூடாது, மடித்துத் தலையில் வைக்கவேண்டுமாம். தொப்புள் முதல் முழங்கால் வரை மறைக்கச் சொல்லி ஓதிக் கொடுக்கப்பட்டவன் அந்தத் துண்டை வைத்து எதை மறைப்பது, எதை விடுவது? நாங்கள் கிணற்றடியில் நாலு பேர் பார்த்திருக்க, காய்ந்த சாறனைப் பல்லால் கடித்துக்கொண்டு ஈரச் சாறனைக் கீழே விட்டு, ஒருவர் கண்ணுக்கும் ஒன்றும் தெரியாமல் கரையேறுகிற ஆட்கள். அந்த வித்தைக்குச் சர்வதேசப் போட்டி வைத்தால் கிழக்கு மாகாணத்துக்குத்தான் தங்கம். பையில் மருதமுனைச் சாறன் வேறு இருந்தது. ஆனால் துணியோடு தொட்டியில் இறங்குவது அங்கே பெரும் அசிங்கம் என்று மச்சான் கையைப் பிடித்துவிட்டார். எனக்குத் தடிமன் என்று பெரியவரிடம் சொல்லிச் சமாளித்தார். அதற்கும் ஒரு குனிவு.

ஆனால் என்னை உண்மையிலேயே அசத்தியது வேறொன்று. முதல் அடியிலேயே பந்து குழிக்குள் போய்விட்டால், வேறு நாட்டுக்காரன் துள்ளுவான். ஜப்பானியன் செலவுக் கணக்குப் பார்க்கிறான். அடித்தவர்தான் கூட்டாளிகளுக்கு விருந்து வைக்கவேண்டும், நினைவுப் பரிசு கொடுக்கவேண்டும், மட்டைப் பெண்ணைக் கவனிக்கவேண்டும். மைதானத்தில் மரம் நடுகிறவர்களும் உண்டு. இலட்சக்கணக்கான யென் போய்விடும். சாதாரண ஆட்டக்காரருக்கு 12,500 அடிக்கு ஒன்று அப்படி விழலாம் என்று ஒரு கணக்கு இருக்கிறது. அந்த ஒன்றுக்குப் பயந்து வருஷா வருஷம் காப்புறுதி கட்டுகிறார்கள்! வீடு எரிந்தால், கார் இடிபட்டால் காப்புறுதி கேட்டிருக்கிறேன். சந்தோஷம் வந்துவிட்டால் நட்டஈடு கேட்பதை அங்கேதான் கண்டேன். பந்து விழுந்ததற்குக் கண்கண்ட சாட்சியும் வேண்டும்.

கல்முனையிலும் இதே சட்டம்தான். மகன் கெம்பஸுக்கு எடுபட்டான், புது வேன் வந்தது என்று வாய் திறந்தால் “சாப்பாடு எப்ப?” என்றுதான் முதல் கேள்வி. கடன் வாங்கியாவது சஹன் சோறு வைத்துக் கந்தூரி கொடுப்போம். காப்புறுதி மட்டும்தான் எங்களுக்குத் தோன்றவில்லை.

“நீங்களும் கட்டி இரிக்கீங்களா மச்சான்?” என்று ஆட்டத்தின் நடுவிலேயே கேட்டிருந்தேன்.

“கட்டல்ல. வட்டியும் சூதும் கலந்திரிக்கும் எண்டு பள்ளில மௌலவி சொல்லிட்டார். தகாபுல் எண்ட இஸ்லாமியக் காப்புறுதியிலயும் இதுக்கு ஒரு திட்டமும் இல்ல.”

“அப்ப தவறி விழுந்தா?”

“விழ விட்டாத்தானே?”

அடுத்த குறுந்தூரக் குழியில் பார்த்தேன். பெரியவர் கொடிக்கு நேரே அடித்தார், பந்து நாலடி தள்ளி நின்றது. மச்சான் நேரம் எடுத்துக் குறிபார்த்து, இடப்பக்க மணலுக்குள் துல்லியமாக இறக்கினார். பெரியவர் கண் கலங்காத குறை. இளைய கூட்டாளி முதியவரை முந்தாமல் விட்டுக்கொடுக்கிறாராம். இவ்வளவு பணிவை இந்தக் காலத்து ஜப்பானியப் பிள்ளைகளிடமே காணமுடியவில்லை என்று சொல்லி, தொப்பியைக் கழற்றி, அன்றைய நாளிலேயே மிக ஆழமாகக் குனிந்தார்.