பூச்சி தின்னும் செடிக்கும் பூச்சி பிடிக்கும்!

பக்கத்தில் கோழிப்பண்ணை, ஈத்தொல்லை தாங்கவில்லை. பூச்சி தின்னும் செடி நாலு வாங்கி வைத்தால் ஈ ஒழியுமா?
- வாசகி, பொங்கலூர்

ஒழியாது. பூச்சி தின்னும் வீனஸ் செடியின், பொறிபோல் மூடும் ஓர் இலை ஒரு ஈயைச் செரித்துத் திறக்கவே ஒரு வாரம் ஆகும். சில முறை தின்றதும் அந்த இலை கருகிவிடும். ஈ பெருகுவது ஈரமான கோழி எருவில். பண்ணையில் தண்ணீர்க் குழாய் ஒழுகாமல், எரு காய்ந்தே கிடக்கும்படி பார்க்கச் சொல்லுங்கள். செடியை ஆசைக்கு வளருங்கள்.

பூச்சியையே தின்னும் செடிக்கு அசுவினி வருமா?
- வாசகர், கொடுவாய்

வரும். வீனஸ் செடியின் பொறி மூட வேண்டுமானால், உள்ளே இருக்கும் முடியைப் பூச்சி 20 நொடிக்குள் இரண்டு முறை தொட வேண்டும். அசுவினியோ பொறிப்பக்கமே போகாமல் குருத்தில் உட்கார்ந்து சாறு குடிக்கும். புது இலை கோணலாக வந்தால் அதுதான் அடையாளம். தொட்டியோடு மழைநீரில் ஒரு நாள் மூழ்க வையுங்கள். அசுவினி மூச்சுமுட்டிச் சாகும், செடி பிழைக்கும்.

மாவுப்பூச்சிக்குச் சோப்புத் தண்ணீர் அடிக்கலாமா?
- வாசகி, பல்லடம்

வேண்டாம். பூச்சி தின்னும் இன்னொரு செடியான பனிப்பூண்டின் இலைமுடி ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு பசைத்துளி மின்னும். சோப்பு அதைக் கழுவிவிடும். ஊசி போடுமுன் தடவும் ஸ்பிரிட்டில் பஞ்சுக்குச்சியை நனைத்து, பூச்சியை மட்டும் ஒவ்வொன்றாகத் தொடுங்கள். மாவுப்பூச்சியின் மெழுகுப் போர்வையில் மருந்து எளிதில் இறங்காது. 2008இல் கோவையில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சியை அடக்கியதும் மருந்தல்ல. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த ஒரு குட்டிக் குளவி.

தொட்டியைச் சுற்றிக் கொசு மாதிரி கருப்பாகப் பறக்கிறதே?
- வாசகர், அவிநாசிபாளையம்

அது பூஞ்சை ஈ. எப்போதும் ஈரமாக இருக்கும் மண்ணில் முட்டையிடும். புழு இளவேரைக் கடிக்கும். 2016இல் பொள்ளாச்சியில் வந்த சுருள் வெள்ளை ஈக்காகத் தென்னையில் விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் ஷீட் கட்டுகிறோமே, அதையே தீப்பெட்டி அளவுக்கு வெட்டித் தொட்டியில் குத்துங்கள். புழுவுக்கு, கொசுப்புழு ஒழிக்கும் பி.டி.ஐ. நுண்ணுயிர்க் கலவையை ஊற்றலாம். பக்கத்தில் ஒரு பனிப்பூண்டு வையுங்கள்; பறப்பதை அது பிடித்துக்கொள்ளும்.

மருந்தே அடிக்கவில்லை. செடி ஏன் வாடுகிறது?
- வாசகர், காட்டூர்

போர் தண்ணீர் ஊற்றுகிறீர்களா? சத்தில்லாத சதுப்பில் பிறந்த செடி இது. அதனால்தான் பூச்சி பிடிக்கக் கற்றது. நம் உப்புத்தண்ணீரை வேர் தாங்காது. உரமும் ஆகாது. மழைநீரோ ஆர்.ஓ. தண்ணீரோ ஊற்றுங்கள்.

பேத்தி விரலை விட்டுப் பொறியை மூடி மூடிப் பார்க்கிறாளே?
- வாசகி, பொங்கலூர்

வெறும் வாயை மூட வைத்தால் செடிக்குச் சக்திதான் வீண். விரலை எடுக்கச் சொல்லி, கையில் ஒரு பூதக்கண்ணாடி கொடுங்கள். ஞாயிறுதோறும் குருத்தையும் இலையடியையும் அவள் பார்க்கட்டும். அசுவினி நாலு இருக்கும்போதே கண்ணில் பட்டால் எந்த மருந்தும் தேவைப்படாது.