மங்கொளி இயல்: ஓர் உரை

விளக்கென்றால் எரியும், இல்லையேல் அணையும். நடுவில் ஒரு நிலை கிடையாது என்பது நம் வீட்டுப் பெரியவர்களின் கொள்கை. ஹாலை மங்கலாக்கிப் பார்க்கும் பிள்ளைகளிடம் “விளக்கு வெக்கிற நேரத்துல என்னடா இருட்டு?” என்று பாட்டிமார் கேட்பது இக்கொள்கையின்பாற் பட்டது. அற்றன்று, நடுநிலை நம்மிடம் முன்பே உண்டு.

என்னை? அரிக்கேன் விளக்கின் பக்கத்திலிருந்த திருகு, திரியை ஏற்றி இறக்குவதற்கன்றி வேறெதற்கு? அதன்பின் ஜீரோ வாட்ஸ் பல்பு வந்தது. பெயர்தான் ஜீரோ, குடித்தது சுமார் 15 வாட். பெயரை நம்பி மின்சாரத்தைக் கணக்கிடலாகாது என்பதற்கு இது முதற்சான்று. 1959-ல் நியூயார்க்கில் ஜோயல் ஸ்பைரா என்பவர் விளக்கை மங்கச் செய்யும், சுவர்ப் பெட்டிக்குள் அடங்கும் மின்னணு டிம்மரை உருவாக்கினார். அது குண்டு பல்புக் காலம், ஆகவே பிழைத்தார்.

சிக்கல் எல்இடியோடு வந்தது. அவ்வகை டிம்மர் மின்னலையின் ஒவ்வோர் அரைச்சுற்றிலும் ஒரு துண்டை வெட்டிவிடும். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 வெட்டு. குண்டு பல்பின் இழை அதற்குள் சூடு ஆறாது, கண்டுகொள்ளாது. எல்இடிக்குள் இருந்து மின்சாரத்தைச் சீராக்கித் தரும் டிரைவரோ பொறுக்காது. மினுக்கும், ‘உய்ய்’யென்று முனகும். சும்மா கிடந்த ஃபேன் ரெகுலேட்டரில் எல்இடி பல்பை மாட்டிப் பார்த்தோர் இதை அறிவர். மாட்டாதோர் மாட்டவேண்டா.

ஆகவே ரிமோட்டில் இயங்கும் டிம்மரைத் தேடுமுன் பல்பின் அட்டைப்பெட்டியைப் படிக்க வேண்டும். ‘டிம்மபிள்’ என்ற சொல் அங்கே இல்லையேல் டிம்மர் வாங்கும் காசு வீண். (ரிமோட்டோடு சேர்த்தே விற்கும் பல்பு இதற்குப் புறனடை.) சொல் இருந்தாலும் போதாது, டிம்மருக்குக் குறைந்தபட்சச் சுமை ஒன்று உண்டு. 60 வாட்டாவது வேண்டும் என்று போட்டிருக்கும் டிம்மரில் 9 வாட் பல்பு நான்கைக் கோத்தால் 36தான், பற்றாது.

ஃபால்ஸ் சீலிங் இடுக்கில் ஓடும் ஸ்ட்ரிப் லைட்டுக்கு இலக்கணம் வேறு. 12 அல்லது 24 வோல்ட்டில் எரியும் அதை, டிம்மர் நொடிக்குப் பல நூறு முறை அணைத்து ஏற்றியே மங்கலாகக் காட்டும். மீட்டருக்கு 14.4 வாட் எனில் 5 மீட்டருக்கு 72 வாட். 12 வோல்ட்டில் அது 6 ஆம்பியர். “தாராளமா தாங்கும் சார்” என்று நீட்டப்படும் குட்டி டிம்மரின் முதுகில் 2 ஆம்பியர் என்று பொடி எழுத்தில் இருக்கும். கடைக்காரர் வாக்கினும் பொடி எழுத்தே வலிது என்க.

ஒளியைப் பாதியாகக் குறைத்த பின்னும் கண்ணுக்கு ஏறக்குறைய முக்கால் வெளிச்சம் இருப்பதாகவே தோன்றும். “ஒண்ணுமே கம்மியாகல” என்று பொத்தானைப் போட்டுக் குத்துவோர் குறைகூற வேண்டியது கண்ணை.

இனி ரிமோட். அகச்சிவப்பு வகைக்கு நேர்ப்பார்வை வேண்டும். ரிமோட்டின் கதிரை வாங்கும் பகுதியை எலக்ட்ரீஷியன் சீலிங்குக்குள் தள்ளி மூடிவிட்டால் கதை முடிந்தது. 433 மெகாஹெர்ட்ஸ், 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ வகைகள் சுவர் தாண்டியும் பேசும். ஆயினும் கரண்ட் போய் வரும் ஊரில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இதற்கு நினைவு உண்டா? நினைவில்லாத சில டிம்மர்கள், ரிமோட்டில் அணைத்த விளக்கைக்கூட, நள்ளிரவு இரண்டு மணிக்குக் கரண்ட் வந்ததும் முழு வெளிச்சத்தில் ஏற்றி வீட்டையே எழுப்பிவிடும். கடைசி நிலையை மறக்காததாகக் கேட்டு வாங்குக. விலை கூடினாலும் இதில் சமரசம் கூடாது.

புது ரிமோட் வேலை செய்யவில்லையெனில், கடைக்குச் சண்டைக்குக் கிளம்புமுன் பேட்டரித் தட்டிலிருந்து நாக்கை நீட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் தாளை உருவிவிட்டீர்களா என்று பாருங்கள். பேட்டரி மாற்றும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள்: சிஆர்2025-ன் தடிமன் 2.5 மில்லிமீட்டர், சிஆர்2032-க்கு 3.2. ஒன்றின் தட்டில் மற்றது சரியாக உட்காராது.