அடையியல்

கோழிகளை வகைப்படுத்தியவர்கள் பலர். இத்தாலி நாட்டு அல்துரோவாந்தி தம் பறவை நூலின் இரண்டாம் தொகுதியை 1600-இல் வெளியிட்டபோது கோழிக்குப் பக்கம் பக்கமாக இடம் ஒதுக்கினார். கண்காட்சிக்காரர்கள் கொண்டையின் வடிவத்தையும் காலின் நிறத்தையும் பார்த்துப் பிரிப்பார்கள். நம் சந்தையில் சிறுவிடை, பெருவிடை என்ற இரண்டோடு கணக்கு முடிந்துவிடும். தொல்காப்பியரோ மரபியலில் கோழிக்கும் கூகைக்கும் அளகு என்று ஒரு பெண்பெயரைக் கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார். இவர்கள் எல்லோரும் பார்த்தது எழுந்து நடமாடும் கோழியை. உட்கார்ந்துவிட்ட கோழிக்கு இலக்கணம் செய்தாரில்லை. அக்குறை நீங்க எழுந்தது இந்நூல். நுதலிய பொருள்: அடைக்கோழி, எங்கள் கொங்குப் பக்கத்தில் அவயக்கோழி. கேட்போர்: புறக்கடையில் நாலு கோழி வைத்திருப்போர். பயன்: முட்டை அல்லது குஞ்சு. இரண்டையும் ஒரே கோழியிடம் ஒரே மாதத்தில் எதிர்பார்ப்பவர்கள் இந்நூலைக் கேட்கத் தகுதியற்றோர்.

அடையாவது யாது? பத்துப் பதினைந்து முட்டை இட்ட கோழி, ஒருநாள் முட்டையிட்ட பிறகும் கொக்கரிக்காமல் கூடையிலேயே தங்கிவிடும். உடம்பைப் பரப்பி, இறகைச் சிலிர்த்து, ஒன்றரைக் கோழியாகக் காட்சி தரும். கண் எங்கோ நிலைகுத்தியிருக்கும். கையை நீட்டினால் தொண்டைக்குள்ளிருந்து ஓர் உறுமல். இன்னும் நீட்டினால் கொத்து. அதையும் மீறி அடிவயிற்றில் கைவிட முடிந்தவர்களுக்கு, அங்கே இறகு போய் வெறும் தோல் கணகணவென்று இருப்பது தெரியும். முட்டைக்கும் சூட்டுக்கும் இடையில் இறகு எதற்கு என்று தன் இறகைத் தானே கழித்துக்கொண்ட இடம் அது. நாளைக்கு ஒருமுறை இறங்கும். சிலிர்த்த இறகு சிலிர்த்தபடி, ‘கொக் கொக்’ என்று எல்லோரையும் திட்டிக்கொண்டு ஓடி, நாலு வாய் தீனி, ஒரு மிடறு தண்ணீர், அவசரமாக ஒரு மண்குளியல். பிறகு எலுமிச்சம்பழ அளவில் ஓர் எச்சம் போடும். அதன் நாற்றத்தை வருணிக்கத் தனியாக ஓர் இயல் செய்ய வேண்டியிருக்கும் என்பதால் விடுத்தேன்.

உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் பிரித்த மரபில் பறவைக்கு ஐந்தறிவு. அடையிலிருக்கும் கோழிக்கு எத்தனை என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. முன்னால் கம்பைத் தூவினாலும் திரும்பாததால் சுவையைக் கழிப்பர் ஒருசாரார். ‘ச்சூ’ என்று கத்தினாலும் அசையாததால் செவியையும் கழிப்பர் வேறொரு சாரார். அடியிலிருந்து முட்டையை உருவிய பிறகும் வெறுங்கூடையில் உட்கார்ந்திருப்பதால், எண்ணும் அறிவு அதற்கு எப்போதுமே இருந்ததில்லை என்பது எல்லோருக்கும் உடன்பாடு.

காரணம் மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி. அதில் ஊறும் புரோலாக்டின் என்ற இயக்குநீர்தான் கோழியை உட்கார வைக்கிறது. பாலூட்டிகளுக்குப் பால் சுரக்க வைப்பதும் இதுவே. அமெரிக்காவில் ஆஸ்கர் ரிடிலும் உடனிருந்தவர்களும் இதைக் கோழிக்கு ஊசி வழி செலுத்தி அடைக்கு உட்கார வைத்துக் காட்டியது 1935-இல். புரோலாக்டின் ஏறினால் சினைப்பை சுருங்கும், முட்டை நிற்கும். அடிவயிற்றில் முட்டை படப் படப் புரோலாக்டின் இறங்காமல் நிற்கும். இந்த ஒரு செய்தியை முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தெளிவித்தல் பகுதியில் வேண்டியிருக்கும்.

வகைக்கு வருவோம். அடைக்கோழியைச் சாதுக்கோழி, கொத்துங்கோழி என்று குணத்தால் பிரிப்பது பாமர வழக்கு, நூலோர் ஏலார். அடியில் என்ன இருக்கிறது, அது யாருக்குத் தெரியும் என்ற இரண்டே பிரிக்கும் அடிப்படைகள். இப்படிப் பார்த்தால் புதிதாகப் பெயர் வைக்கும் சிரமமே இல்லை. தொல்காப்பியர் மனிதர்களுக்கென்று செய்த அகத்திணை கோழிக்கு அளவெடுத்துத் தைத்ததாக இருக்கிறது.

வீட்டாரறிய, கூடையில், பெரியவர்கள் நாள் பார்த்து வைக்கும் அடை கற்பு. கூடையில் வைக்கோல் பரப்பி, பேனுக்குப் பகையாக நாலு வேப்பிலைக் கொத்துப் போட்டு, ஒற்றைப்படையில் முட்டை வைப்பார்கள். சிறுவிடைக்கு ஒன்பது, பதினொன்று. அதற்கு மேல் வைத்தால் ஓரத்து முட்டை குளிர்ந்துபோகும். முட்டை ஒரு வாரத்துக்கு மேல் பழசாகாமல் இருப்பது நல்லது. இடி இடித்தால் கரு கலையாதிருக்கக் கூடையில் ஓர் இரும்புத் துண்டு, ஒரு கரித்துண்டு, ஒரு வரமிளகாய். இடியை மிளகாய் என்ன செய்யும் என்று கேட்ட பேரப்பிள்ளைகள் அதட்டப்பட்டார்களே தவிர விடை பெறவில்லை. ஆனால் கரிக்கு ஒரு மெய்யான வேலை உண்டு. வைத்த முட்டை ஒவ்வொன்றிலும் சுற்றி ஒரு கோடு இழுத்துவிட வேண்டும். அடைக்கோழி தீனிக்கு இறங்கும் நேரம் பார்த்து மற்றக் கோழிகள் அதே கூடையில் வந்து முட்டையிட்டுப் போகும். கோடில்லாத முட்டையை அன்றன்றே எடுக்காவிட்டால், 21-ஆம் நாள் பாதிக் குஞ்சு வெளியே கத்தும்போது மீதி பாதிக் கருவாக உள்ளே கிடக்கும். தாய் குஞ்சுகளோடு இறங்கிவிடும், மீதி கூமுட்டை. கரிக்கோடு போடாத கற்பு கற்பன்று.

ஏழாம் நாள் இருட்டில் டார்ச்சின் மேல் முட்டையை வைத்துப் பார்த்தால் கரு பிடித்ததில் செந்நரம்பு கிளைவிட்டிருக்கும். தெளிவாகத் தெரிவது வெறும் முட்டை. பொரிப்பான் இயந்திரத்தில் இதே காரியத்துக்கு 37.5 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம், 18-ஆம் நாள்வரை புரட்டல் என்று ஆயிரம் கவலை. கோழி இவற்றைக் கேள்விப்பட்டதில்லை. அலகால் அவ்வப்போது புரட்டிக்கொள்கிறது.

இனி களவு. கோழி காணாமல் போகும். முதல் நாள் கீரி மேல் பழி. இரண்டாம் நாள் பக்கத்துத் தோட்டத்து நாய் மேல். மூன்றாம் நாள், அந்த வாரம் யார் வீட்டில் விருந்து வந்தது, யார் வீட்டில் குழம்பு மணத்தது என்ற ஆராய்ச்சி தொடங்கும். நூலோர் இதை அலர் என்பர். கோழியோ சோளத்தட்டுப் போருக்கு அடியிலோ விறகு அடுக்கின் பின்னாலோ தன் விருப்பத்துக்குச் சேர்த்த முட்டைகளின் மேல் இருக்கும். பகற்குறி ஒன்றே அதைப் பிடிக்க வழி. நாளைக்கு ஒருதரம் தீனிக்கு வரும்போது ஓசைப்படாமல் பின்தொடர வேண்டும். நம்மைப் பார்த்துவிட்டால் அது நேரே போகாது. ஒன்றுமே நடக்காததுபோல் அங்கே இங்கே கிளறிக்கொண்டு, நமக்குச் சலிப்பு தட்டும்வரை பொழுதைக் கழிக்கும். பெரும்பாலும் இடத்தைக் கண்டுபிடித்து வந்து சொல்பவர்கள் பந்து தேடிப்போன சிறுவர்கள்; இது அறத்தொடு நிற்றல்.

கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் பலர் கெடுக்கிறார்கள். பட்டப்பகலில் கோழியை ஒரு கையிலும் முட்டையை மடியிலுமாகத் தூக்கி வந்து கூடையில் போட்டால், கோழி நேரே பழைய இடத்துக்கு ஓடும், முட்டை குளிரும். மழை படாத, பாம்பு, கீரி நுழையாத இடமென்றால் அப்படியே விட்டுவிடுங்கள். நான் பார்த்தவரை களவில் பொரித்தது கூடையில் பொரித்ததைவிடக் குறைந்ததில்லை. நடுநடுவே யாரும் தூக்கிப் பார்ப்பதில்லை அல்லவா. ஆபத்தான இடமென்றால் இருட்டிய பிறகு முட்டையை முன்னும் கோழியைப் பின்னுமாக மாற்றி, பஞ்சாரத்தால் கவிழ்த்து, ஒருநாள் மூடியே வைக்க வேண்டும். மறுநாள் மாலை திறந்தால் களவு கற்பாகியிருக்கும்.

கைக்கிளை ஒருதலைக் காமம். சேவலில்லாத வீட்டு முட்டை மேலும், கூழாங்கல் மேலும், ஒன்றுமே இல்லாத கூடை மேலும் உட்காருவது இது. பெருந்திணை பொருந்தாக் காமம்: கோழிக்கு அடியில் வாத்து முட்டை. 28 நாள் பொறுமையாக உட்கார்ந்து பொரிக்கும். பிறகு குஞ்சுகள் வாய்க்காலைக் கண்டதும் இறங்கி நீந்தும். கரையில் தாய் இங்குமங்கும் ஓடிக் கத்துவதைப் பார்த்தால் சிரிப்பும் வராது.

இவற்றுள் கைக்கிளைக்கே மருத்துவம் வேண்டும். குஞ்சு வேண்டாம், முட்டை வேண்டும் என்ற வீட்டாருக்கும் அதேதான். முதலில் ஐயம் தீர்க்க வேண்டும். பகலில் உட்கார்ந்து இரவில் மற்றவற்றோடு மேலேறி அடைவது அடையாகாது. இரவு விளக்கோடு போய்ப் பார்த்தாலும் கூடையிலேயே இருந்தால் மெய்யடை.

தெளிவிக்க ஊரில் வழங்கும் முறைகள் பல. தண்ணீர்த் தொட்டியில் முக்கி எடுப்பது. வயிறு குளிர்வது கொஞ்ச நேரம்தான், பிறகு ஈர உடம்போடு மறுபடி கூடைக்குப் போகும். காலில் கயிறு கட்டி வெயிலில் விடுவது. கயிறு சுற்றிக் கால் வீங்கும். அதன் இறகையே பிடுங்கி மூக்குத் துளை வழியாகச் செருகிவிடுவது. இதைச் செய்பவர்கள் தங்கள் மூக்கில் ஒருமுறை செய்துபார்த்துவிட்டு அப்புறம் பேசலாம். என் அம்மாயி இவை எதற்கும் ஒப்பமாட்டார். “அவயத்துக்கு உக்கோந்த கோழியை எழுப்பறதும் பந்தியில உக்கோந்தவனை எழுப்பறதும் ஒண்ணு கண்ணு. நாலு முட்டை கடன் வாங்கியாச்சும் வெச்சுடு” என்பார். அவர் வீட்டில் எப்போதும் குஞ்சு இருந்ததும் முட்டை இல்லாததும் இதனால்தான்.

முடிந்து வைத்த செய்தியை இப்போது அவிழுங்கள். வயிற்றின் சூட்டைக் குறைத்து, கூடையைக் கண்ணில் படாமல் எடுத்துவிட்டால் புரோலாக்டின் இறங்கும். கம்பிவலை அடிப்பாகம் கொண்ட கூண்டை இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்து, வைக்கோல் இல்லாமல், வெளிச்சமான இடத்தில், தீனியும் தண்ணீரும் வைத்து விடுங்கள். கீழிருந்து காற்றடிக்கும். மூன்று நான்கு நாளில் உறுமல் நின்று சாதாரணமாகக் கிளற ஆரம்பிக்கும். ஓரிரு வாரத்தில் பெரும்பாலும் மறுபடி முட்டை. உட்கார்ந்த முதல் இரண்டு நாளிலேயே செய்தால் சுளுவு. பத்து நாள் விட்டுப் பிடித்தால் கூண்டுக்குள்ளும் அது கம்பி மேல் அடை காக்கும்.

நாமக்கல் பண்ணைகளுக்கு இந்த இயலே வேண்டியதில்லை. அங்கே இருப்பது லெகார்ன் வழிவந்த கோழி. அடை உணர்வைத் தலைமுறை தலைமுறையாகக் கழித்தெடுத்த இனம். ஆண்டுக்கு 300 முட்டையை ஒட்டி இடும். நம் நாட்டுக்கோழி 100-ஐத் தொடுவதே அபூர்வம். உட்கார்ந்தே பாதி ஆண்டைக் கழித்தால் எப்படித் தொடும்? ஆனால் அந்த 300-இல் ஒன்றையும் லெகார்ன் பொரிக்காது.

புறனடை ஒன்று எஞ்சுகிறது. சில வேளை இரண்டு கோழி ஒரே கூடையில், ஒன்றன் மேல் ஒன்று பாதி ஏறி உட்காரும். முட்டை யாருடையது, எத்தனை யாருக்கு என்று அவை கேட்பதில்லை. நாள் நிறையும்போது இரண்டும் சேர்ந்து குஞ்சு மேய்ப்பதும் உண்டு, சண்டை பிடித்துக் குஞ்சை மிதிப்பதும் உண்டு. இதை எந்தத் திணையில் சேர்ப்பதென்று உரையாசிரியர்களிடம் தேடியும் பயனில்லை. சண்டை வரும்போலிருந்தால் பொரித்த அன்று இரவிலேயே குஞ்சுகளைப் பாதியாகப் பிரித்து இரண்டாவது கோழியை வேறு கூடைக்கு மாற்றிவிடுங்கள். மஞ்சள் கரு வயிற்றுக்குள் இருப்பதால் குஞ்சு இரண்டு நாள் தீனி கேட்காது. அதற்குள் யார் குஞ்சு யாருடையது என்ற வழக்கு தீர்ந்துவிடும்.