தீப்பிடித்தல் சூத்திரம்: ஓர் உரை

முக்கால் வளைபுகின் எரியும் பந்தே.

இச்சூத்திரம் என்னுதலிற்றோ எனின், 1993ஆம் ஆண்டு சிகாகோவின் மிட்வே நிறுவனம் வெளியிட்ட ‘என்பிஏ ஜாம்’ என்னும் கூடைப்பந்து வீடியோ கேமில் ஆட்டக்காரருக்குத் தீப்பிடிக்குமாறு உணர்த்துதல் நுதலிற்று. சூத்திரம் யாத்த முனிவர் யார் என்று யாரும் தேட வேண்டாம்; அடியேன்தான். மூலம் இல்லாமல் உரை மட்டும் எழுதினால் அறிஞர் அவையில் நாற்காலி தர மாட்டார்கள்.

‘முக்கால்’ என்றது மூன்று முறை என்னும் பொருட்டு. நாலில் மூன்று பங்கு என்று கொண்டால், வளையத்தில் முக்கால்வாசி நுழைந்து வெளியே துள்ளும் பந்துக்கும் தீ கேட்பார்கள். அது கூடாது. ஒரே ஆட்டக்காரர் தொடர்ந்து மூன்று கூடை போட வேண்டும். இரண்டாவது விழுந்ததும் வர்ணனையாளர் டிம் கிட்ஸ்ரோவின் குரல் “ஹீ இஸ் ஹீட்டிங் அப்” என்று எச்சரிக்கும். மூன்றாவதற்கு “ஹீ இஸ் ஆன் ஃபயர்!” அவ்வளவுதான், அதன்பின் அவர் எறியும் பந்து எரிந்துகொண்டு போகும். போய் விழுந்தால் வலையும் எரியும்.

தீயின் பயன் மூன்று. எறிந்தது பெரும்பாலும் விழும். ‘டர்போ’ என்னும் வேகப் பொத்தானை எவ்வளவு அழுத்தினாலும் மூச்சு வாங்காது. மூன்றாவதுதான் விசேஷம்: எதிரி எறிந்த பந்து கூடையை நோக்கி இறங்கும்போது குறுக்கே கைவைத்துத் தட்டிவிடலாம். இதற்குக் ‘கோல்டெண்டிங்’ என்று பெயர், நிஜக் கூடைப்பந்தில் குற்றம். இந்த ஆட்டத்தில் எதிராளியைப் பிடித்துத் தரையில் தள்ளினால் நடுவர் கண்டுகொள்ள மாட்டார். ஆனால் இந்தக் குற்றத்தைக் கண்டிப்பாகப் பார்ப்பார். தீப்பிடித்தவருக்கு அதிலும் விலக்கு. உடம்பில் நெருப்போடு திரிகிறவனிடம் சட்டப் புத்தகத்தை நீட்ட நடுவருக்கு மட்டும் துணிவு வருமா?

எதிரணி ஒரு கூடை போட்டால் தீ அணையும். அல்லது தீப்பிடித்தவரே இன்னும் நான்கு கூடை போட்டு முடித்தாலும் அணையும். நெருப்புக்கும் ஒரு ரேஷன்.

இனி இயற்பியலார் கடா: வலை நைலான் ஆயிற்றே, அது சுருங்கி உருகிச் சொட்டும், அடுத்த நொடியே புது வலையாக எப்படித் தொங்கும்? எரியும் பந்தைப் பிடித்த கை ஏன் கொப்புளிக்கவில்லை? இதற்கு விடை இலக்கணத்தில் இருக்கிறது, இயற்பியலில் இல்லை. “இன்னிக்குத் தீயா ஆடுறான்” என்று நாமும்தான் சொல்கிறோம். சொல்லிவிட்டு யாரும் தண்ணீர் வாளியோடு மைதானத்துக்குள் ஓடுவதில்லை. காரணம், ‘தீயா’ என்பதன் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த ‘ஆ’. ‘தீயாக’ என்பதன் தேய்ந்த வடிவம் அது. தீ வேறு, ஆள் வேறு என்று நடுவில் சுவர் எழுப்பி ஆளைக் காப்பாற்றுகிறது. ஆங்கில வழக்கில் அந்தச் சுவர் இல்லை. வர்ணனையாளர் உருவகமாகச் சொன்னதை இயந்திரம் வெறும் செய்தியாக எடுத்துக்கொண்டு பற்றவைத்துவிட்டது. உருவகத்தால் சுடப்பட்ட கைக்குக் கொப்புளம் வராது என்க.

அற்றேல், மூன்று பந்து விழுந்தவனுக்கு நான்காவதும் விழும் என்பது உண்மையா? இங்கேதான் பெரியவர்கள் சண்டை போட்டிருக்கிறார்கள். 1985இல் கிலோவிச், வாலோன், ட்வெர்ஸ்கி என்ற மூவர் கார்னெல், ஸ்டான்ஃபோர்டு மாணவர்களான 100 ரசிகர்களைக் கேட்டார்கள். 91 பேர் ‘சூடான கை’ உண்டு என்றார்கள். பிறகு பிலடெல்ஃபியா அணியின் 1980-81 கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். போட்டவன் மறுபடி போடுவதற்குத் தனியாக எந்த வாய்ப்பும் கூடவில்லை. எல்லாம் கண்ணின் மயக்கம் என்று எழுதிவிட்டார்கள். எட்டே ஆண்டில், பொய் என்று தள்ளப்பட்ட அதே நம்பிக்கையை மிட்வே சட்டமாக்கி, தீயும் வைத்து, காசு போட்டால் ஆடும் பெட்டிக்குள் அடைத்தது. அறிஞர்கள் எழுதியதைப் படித்தவர்களைவிடப் பெட்டிக்குக் காசு போட்டவர்கள் அதிகம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கதை அதோடு முடியவில்லை. 2018இல் மில்லர், சன்ஹுர்ஹோ என்ற இருவர் அந்தக் கணக்கிலேயே ஓட்டை கண்டார்கள். வீட்டிலேயே சரிபார்க்கலாம், ஒரு ரூபாய் நாணயம் போதும். மூன்று முறை பூவா தலையா போடுங்கள். தலை விழுந்ததற்கு அடுத்த முறையும் தலை விழுந்தது எத்தனை பங்கு என்று ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனியே குறியுங்கள். வரக்கூடிய வரிசைகள் எட்டு. முதல் இரண்டும் பூவானால் குறிக்க ஒன்றுமில்லை, அந்த இரண்டு வரிசையையும் தள்ளுங்கள். மீதி ஆறில் இரண்டில் முழுப்பங்கு, ஒன்றில் அரை, மூன்றில் சுழி. கூட்டி ஆறால் வகுத்தால் பன்னிரண்டில் ஐந்து. பாதி வர வேண்டிய இடத்தில் பாதிக்கும் கீழே! ஆக, சூடே இல்லாத நாணயம் இந்த அளவுகோலில் குளிர்ந்து தெரியும். அதே கோலில் ஒரு மனிதன் பாதி காட்டினால் அவனிடம் கொஞ்சம் சூடு இருக்கிறது என்றுதான் பொருள். 91 பேரும் முழு முட்டாள்கள் அல்லர்.

‘அப்படியானால் மைக்கேல் ஜோர்டனுக்கு எத்தனை பந்தில் தீப்பிடிக்கும்?’ என்று கேட்பவர் உண்டு. கடைகளுக்குப் போன பெட்டியில் அவர் இல்லவே இல்லை. அவர் பெயருக்கான உரிமை தனியாக இருந்தது. உலகிலேயே அதிகம் சூடான கையை விட்டுவிட்டு நெருப்பு ஆட்டம் செய்திருக்கிறார்கள். அவருடைய சிகாகோ அணிக்குப் பிப்பெனும் ஹோரஸ் கிரான்ட்டும்தான்.

சிகாகோவுக்கு அதைவிடப் பெரிய அநியாயம் ஒன்று நடந்தது. ஆட்டத்தை வடிவமைத்த மார்க் டர்மெல் டெட்ராய்ட் அணியின் ரசிகர். இரு அணிகளும் மோதி, ஆட்டம் நூலிழையில் நிற்கும்போது சிகாகோ கடைசி நொடியில் எறியும் பந்து தவற வேண்டும் என்று நிரலுக்குள் ஒரு வரி எழுதி வைத்ததாகப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். சிகாகோவில் உட்கார்ந்துகொண்டு, சிகாகோ நிறுவனத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு! உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்பதற்கு இனி உரையாசிரியர்கள் வேறு எடுத்துக்காட்டுத் தேட வேண்டாம். நிகழ்தகவு, இலக்கணம், நெருப்பு எல்லாவற்றுக்கும் மேலே ஒரு ரசிகனின் வன்மம் இருக்கிறது என்பது இதனால் பெறப்பட்டது.

இதை அறியாமல், அக்கா மகனோடு மூன்று இரவு கள ஆய்வு செய்தேன். பிப்பென் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கியது நான். டெட்ராய்ட்டை எடுத்தவன் அவன். கடைசி நொடியில் நான் எறிந்த பந்து ஒவ்வொரு இரவும் வளையத்தில் பட்டு வெளியே வந்தது. “கை நடுங்குது மாமா” என்றான்.

இந்த ஆட்டம் எங்காவது கண்ணில் பட்டால், எதிரே டெட்ராய்ட் நிற்கும்போது தயவுசெய்து சிகாகோவை எடுக்காதீர்கள்.